தேதி ரெடி, கதையை அப்புறம் பார்த்துக்கலாம்

தமிழ் சினிமாவில் இப்போது முதலில் எழுதப்படுவது ரிலீஸ் தேதி. அடுத்து ஹீரோவின் சம்பளம். அதற்கடுத்து ஓ.டி.டி. ஒப்பந்தம், சாட்டிலைட் உரிமை, ஆடியோ உரிமை. இதெல்லாம் கையெழுத்தாகி, நேரமும் மனசும் மிச்சமிருந்தால் கதை. பூஜைக்கு உடைத்த தேங்காய் சட்னி ஆவதற்குள் ‘பொங்கலுக்குச் சந்திப்போம்’ என்று போஸ்டர் வந்துவிடுகிறது. எதைச் சந்திக்கப் போகிறோம் என்பது அன்றைக்கு இயக்குநருக்கே தெரியாது. உதவி இயக்குநர்களில் எவனாவது ஒருவனுக்குத் தெரிந்திருக்கலாம். அவனுக்கு ஆறு மாதச் சம்பள பாக்கி. அவன் வாயைத் திறக்கமாட்டான்.

2025 பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அஜித்குமாரின் ‘விடாமுயற்சி’ பொங்கலுக்கு என்றார்கள். யானை வருகிறது என்றதும் சின்னப் படத் தயாரிப்பாளர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஆங்கிலப் புத்தாண்டு பிறக்கிற ராத்திரி, ஊரே வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ தள்ளிவைப்பு என்று அறிக்கை வந்தது. அவ்வளவுதான். பந்தியில் இலை காலியானதும் பாய்கிற கூட்டம் மாதிரி பாய்ந்தார்கள். ஏற்கெனவே வரிசையில் நின்ற ‘வணங்கான்’, ‘கேம் சேஞ்சர்’ போக, ‘காதலிக்க நேரமில்லை’, ‘நேசிப்பாயா’, ‘மெட்ராஸ்காரன்’, ‘தருணம்’ என்று ஆளுக்கொரு தேதியைப் பிடித்துக்கொண்டார்கள். படம் தயாராக இருக்கிறதா, விளம்பரத்துக்கு நாள் இருக்கிறதா என்றெல்லாம் யார் பார்த்தது? தேதி காலியாக இருந்தது, போதாதா?

அந்தப் பொங்கலில் ஜெயித்தது எது தெரியுமா? ‘மத கஜ ராஜா’. சுந்தர்.சி எடுத்து, 2013 பொங்கலுக்கு வருவதாக இருந்து, பணச் சிக்கலில் மாட்டி, 12 வருஷம் பெட்டிக்குள் கிடந்த படம். அதில் நடித்த மணிவண்ணனும் மனோபாலாவும் படம் வெளிவரும்போது உயிரோடு இல்லை. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சந்தானம் வாயைத் திறந்தால் தியேட்டர் சிரித்தது, குழந்தைகள் சிரித்தன, கிழவிகள் சிரித்தார்கள். அப்டேட் இல்லை, கிளிம்ப்ஸ் இல்லை, ‘யுனிவர்ஸ்’ இல்லை. ஆறிப்போன பழைய பலகாரத்தைச் சூடு பண்ணிப் பரிமாறினால், புதுப் பலகாரத்தைவிட நன்றாக இருந்தது. சமையல்காரன் வெட்கப்பட வேண்டிய இடம் இது. நம் ஆட்கள் வெட்கப்படவில்லை. கோடவுனில் வேறென்ன பழைய பெட்டி கிடக்கிறது என்று தேடப் போனார்கள்.

தேதிக்கு முன்னால் நடக்கிற திருவிழாவைச் சொல்ல வேண்டும். டைட்டில் லுக், ஃபர்ஸ்ட் லுக், செகண்ட் லுக், கிளிம்ப்ஸ், ஃபர்ஸ்ட் சிங்கிள், அந்த சிங்கிளுக்கு ஒரு புரோமோ, புரோமோ எப்போது வரும் என்று ஒரு போஸ்டர். ரசிகன் இதற்கெல்லாம் விரதம் இருக்கிறான். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்காரர்கள் டெஸ்ட் ஆட வந்தபோது, எல்லைக்கோட்டருகே நின்ற மொயின் அலியிடம் அஜித் படத்துக்கு ‘வலிமை அப்டேட்’ கேட்டார்களே, அந்த மனுஷனுக்கு என்ன புரிந்திருக்கும்? நாடு சுதந்திரம் அடைந்ததிலிருந்து வெள்ளைக்கார அணியிடம் தமிழன் வைத்த ஒரே கோரிக்கை அதுதான். கடைசியில் அஜித்தே அறிக்கை விட்டுப் பொறுமை காக்கச் சொன்னார். அந்தப் படமும் 2022 பொங்கல் என்று அறிவித்து, கொரோனாவால் பிப்ரவரிக்குப் போனது.

ஏன் இந்தத் தேதிப் பித்து? சினிமாக்காரர்களுக்குப் பண்டிகை மேல் பக்தி வந்துவிட்டதா? இல்லை. படம் எப்படி என்று ஊருக்குத் தெரிவதற்குள் பணத்தை எடுத்துவிட வேண்டும். கணக்கு அவ்வளவுதான். முன்பு ஒரு படம் நன்றாக இல்லை என்கிற செய்தி மதுரையிலிருந்து தேனிக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். இப்போது இடைவேளையிலேயே போய்விடுகிறது. அதனால் அத்தனை திரைகளிலும் ஒரே நாளில் கொட்டி, விடுமுறையோடு விடுமுறையாக முதல் நாலு நாளில் வழித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள், கையில் போனஸ் இருக்கிறது, ஊருக்கு வந்த மச்சான் ‘வாங்க போவோம்’ என்கிறான். படத்தின் தரத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அன்றைக்குத் திரையில் விளக்கேற்றும் முறையைக் காட்டினாலும் ஹவுஸ்ஃபுல்தான். போகியன்று கொளுத்த வேண்டியதைப் பொங்கலன்று ரிலீஸ் செய்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

பெரிய நடிகர் படமென்றால் முதல் வார வசூலில் முக்கால் பங்குக்கு மேல் விநியோகஸ்தர் பக்கம் போய்விடும். தியேட்டர்காரருக்கு மிஞ்சுவது ஏ.சி. ஓடிய கரன்ட் பில். அவர் எங்கே கைவைப்பார்? பாப்கார்னில். பார்க்கிங்கில். சமோசாவில். டிக்கெட்டைவிடப் பாப்கார்ன் டப்பா விலை அதிகம் என்று புலம்புகிறோமே, அந்தச் சோளத்துக்குள் ஹீரோவின் சம்பளம் பொரிந்துகொண்டிருக்கிறது. மல்டிபிளெக்ஸில் அடிப்படைக் கட்டணம் 150 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று 2017-ல் அரசு உச்சவரம்பு வைத்தது. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., அதன் மேல் உள்ளாட்சி கேளிக்கை வரி, ஆன்லைனில் எடுத்தால் சேவைக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கும் ஒரு வரி. நாலு பேர் குடும்பம் படியேறினால் ஆயிரத்தைந்நூறு இல்லாமல் இறங்க முடியாது. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையைப் படத்துக்குக் கூட்டிப் போன மாமனார்கள் சீர்வரிசைக் கணக்கில் இதையும் சேர்த்து எழுதுகிறார்கள்.

இதெல்லாம் முறையாக விற்கிற இடத்துக் கதை. எங்கள் ஊர்த் தியேட்டரில் பண்டிகையன்று கவுன்ட்டரே திறப்பதில்லை. கம்பி வலைக்குப் பின்னால் ஒரு பூனை படுத்திருக்கும். டிக்கெட் எல்லாம் எதிர் டீக்கடை பெஞ்சில், வெள்ளைச் சட்டை போட்ட மன்றத்து அண்ணன் ஒருவரின் மேல்பையில் இருக்கும். கட்டு பெருத்துப் பையே தொங்கும். போன தீபாவளிக்கு எனக்கு முன்னால் நின்ற பையன், பிளஸ் டூ படிப்பவனாக இருக்கலாம், சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எவ்வளவுண்ணே?”

“முந்நூறு.”

“இதுல நூத்திருபதுனு போட்டிருக்கேண்ணே?”

“அது சீட்டோட விலை தம்பி. இது தலைவரோட விலை.”

பையன் சிரித்துவிட்டுக் கொடுத்தான். பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். மின்சார வாரியத்தில் பத்து ரூபாய் கூடக் கேட்டால் ஊழல் என்று கொதிக்கிற ஊர் இது. போலீஸ் வண்டி ஒன்றும் அங்கேதான் நின்றது. கூட்டம் வரிசையாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போனால் படம் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். முதல் இருபது நிமிஷம் படம் கிடையாது. பேப்பர் மழை, விசில், செல்போன் வெளிச்சம். ஹீரோவின் ஷூ வருகிறது. பிறகு பிடரி. பிறகு புகை. பிறகு மறுபடியும் ஷூ. முகம் வருவதற்குள் ஒரு ரீல் போய்விடுகிறது. முன்னிருக்கையில் இருப்பவன் நாற்காலி மேல் ஏறி, திரையை போனில் எடுத்துக்கொண்டிருக்கிறான். முந்நூறு ரூபாய் கொடுத்து எழுபது எம்.எம். திரைக்கு முன்னால் உட்கார்ந்து, நான் அவனுடைய ஆறு அங்குல போனில் படம் பார்க்கிறேன்.

கதையைக் கேட்கிறீர்களா? அமைதியான ஒரு மனிதர். அடித்தால் வாங்கிக்கொள்வார். அவருக்கு ஒரு கடந்தகாலம் உண்டு. 1995 பொங்கலுக்கு ‘பாட்ஷா’ வந்தது. அதிலிருந்து முப்பது வருஷமாக அந்த மாணிக்கத்தின் கடந்தகாலத்தையே மாறி மாறி வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். ஆட்டோவுக்குப் பதில் காபிக் கடை, பம்பாய்க்குப் பதில் ஏதோ ஒரு துறைமுகம், கடத்தல் தங்கத்துக்குப் பதில் போதைப்பொருள் கன்டெய்னர். கதாநாயகி இரண்டு பாட்டுக்கும் ஒரு கடத்தலுக்கும் தேவைப்படுகிறார். வில்லனை மும்பையிலிருந்து விமானத்தில் கூட்டி வருகிறார்கள். அவர் வாயசைப்பது ஒன்று, நமக்குக் கேட்பது ஒன்று. இரண்டாம் பாதியில் தலைகள் உருளுகின்றன, தேங்காய் உருளுகிற எண்ணிக்கையில். போஸ்டரில் ‘குடும்பத்துடன் கண்டுகளியுங்கள்’. சான்றிதழில் யு/ஏ 16+. பக்கத்து இருக்கையில் நாலு வயதுக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுகிறது; அதன் அப்பா ‘இதோ முடிஞ்சிரும்டா’ என்று தோளில் தட்டியபடி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

‘அந்தக் காலத்தில்’ என்று பெருமூச்சு விடுகிற ஆள் இல்லை நான். அந்தக் காலத்திலும் பண்டிகைக்குக் குப்பை வந்தது. ஆனால் குப்பையோடு சேர்ந்து வேறு சிலவும் வந்தன. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளியைப் பார்த்தது. ‘பராசக்தி’ 1952 தீபாவளிக்கு வந்தது. 1987 தீபாவளிக்கு ‘நாயகன்’. 1991-ல் ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே தீபாவளிக்கு வந்தன, அடுத்த வருஷ தீபாவளிக்குத் ‘தேவர் மகன்’. இந்த இயக்குநர்களும் நடிகர்களும் பணம் வேண்டாம் என்று சொன்ன துறவிகள் அல்லர். கூட்டம் எப்படியும் வரும் என்று தெரிந்தும், வருகிறவனுக்கு எதையாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்ற பயம் இருந்தது. அந்தப் பயம்தான் இப்போது போய்விட்டது.

பயத்தைப் போக்கியவர்களில் பார்வையாளப் பெருமக்களுக்கும் பங்குண்டு. 2003 பொங்கலுக்கு ‘அன்பே சிவம்’ வந்தபோது தியேட்டர் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள், டி.வி.யில் இருபது தடவை பார்த்துவிட்டு இப்போது ‘காலத்தை முந்திய காவியம்’ என்று கண்ணைத் துடைக்கிறார்கள். தயாரிப்பாளருக்குக் கண்ணீரில் பங்கு வராது. அடுத்த பொங்கலுக்கு அவர் அருவாளைத்தான் நம்புவார்.

இதுவரை சொன்னதெல்லாம் பணம் போன கதை. 2023 பொங்கலில் உயிர் போனது. ஜனவரி 11, ‘துணிவு’ம் ‘வாரிசு’ம் ஒரே நாளில். ஒன்றுக்கு நள்ளிரவு ஒரு மணிக் காட்சி, இன்னொன்றுக்கு விடிகாலை நாலு மணி. கோயம்பேட்டில் ஒரு தியேட்டருக்கு வெளியே நெடுஞ்சாலையில் மெதுவாக ஊர்ந்த லாரி மேல் ஏறி ஆடிய 19 வயதுப் பையன் விழுந்து செத்தான். பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. உள்ளே காட்சி நிற்கவில்லை. நள்ளிரவு ஒரு மணிக்குப் படம் போட வேண்டிய அவசரம் என்ன? யாருக்கு? மாரடைப்பு வந்தவனுக்கு மருந்து கிடைக்காத நேரத்தில் ஹீரோவின் ஷூவைக் காட்டியே தீர வேண்டும் என்று அனுமதி கேட்டவர் யார், கொடுத்தவர் யார்? ஒருத்தர் பெயரும் வெளியே வராது. ‘ரசிகர்கள் கவனமாக இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி வரும்.

அதற்குப் பிறகு அரசு விழித்துக்கொண்டது. விடிகாலைக் காட்சிக்கு அனுமதி நின்றது. காலை ஒன்பது மணிக்கு முன் படம் இல்லை. உடனே ரசிகன் உரிமை பறிபோனதாகக் குமுறினான். அதே ஆண்டு அக்டோபரில் ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டி ‘லியோ’ வந்தபோது, நாலு மணிக் காட்சி கேட்டுத் தயாரிப்புத் தரப்பு உயர் நீதிமன்றப் படியேறியது. கிடைக்கவில்லை. கோவைப் பையன்கள் ராத்திரியோடு ராத்திரியாக பைக்கில் பாலக்காட்டுக்குப் பறந்தார்கள். மலையாளிகள் தூங்கிக்கொண்டிருக்க, அவர்கள் ஊர்த் தியேட்டர் வாசலில் தமிழன் பட்டாசு வெடித்தான். அதற்கு இரண்டு வாரம் முன்னால் அதே படத்தின் டிரெய்லரைப் பார்க்க வந்த கூட்டம் கோயம்பேட்டில் ஒரு தியேட்டரின் நாற்காலிகளைப் பிய்த்துப் போட்டிருந்தது. டிரெய்லருக்கே இந்தக் கதி. 2024 டிசம்பரில் ஹைதராபாத்தில் ‘புஷ்பா 2’ முன்காட்சிக்கு வந்த ஒரு தாய் நெரிசலில் செத்துப்போனார். மூன்றாவது பாகத்துக்கான பேச்சு அதற்குள் வந்தாயிற்று.

சரி, படம் ஓடினால் லாபம் யாருக்கு? 2022-ல் ‘விக்ரம்’ ஓடியது. இயக்குநருக்கு லெக்ஸஸ் கார், ஐந்து நிமிஷம் வந்துபோன சூர்யாவுக்கு ரோலக்ஸ் கடிகாரம். 2023-ல் ‘ஜெயிலர்’ ஓடியது, ரஜினிக்கு பி.எம்.டபிள்யூ., இயக்குநருக்கும் இசையமைப்பாளருக்கும் போர்ஷே. கார் சாவி கொடுக்கிற போட்டோவை ரசிகன்தான் அதிகமாகப் பகிர்ந்தான். அவனுக்குக் கிடைத்தது பைக் நிறுத்திய டோக்கன். அதைத் தொலைத்தால் ஐம்பது ரூபாய் அபராதம்.

வசூல் கணக்குப் பார்ப்பதும் அவன் வேலையாகிவிட்டது. சொந்த வீட்டு ரேஷன் கார்டில் எத்தனை கிலோ அரிசி என்று தெரியாதவன், செங்கல்பட்டு ஏரியா ஷேர் எவ்வளவு, வெளிநாட்டு கிராஸ் எவ்வளவு என்று தூக்கத்தில் சொல்வான். 2019 பொங்கலுக்கு ‘பேட்ட’யும் ‘விஸ்வாசம்’மும் ஒரே நாளில் வந்தபோது கணக்கைக் காட்டி ட்விட்டரில் மல்லுக்கட்டியது ரசிகர்கள் மட்டுமல்ல, இரண்டு படங்களை வெளியிட்டவர்களும்தான். எந்தக் கணக்கையும் யாரும் தணிக்கை செய்தது கிடையாது. வருமான வரித்துறையிடம் சொல்கிற தொகையும் போஸ்டரில் போடுகிற தொகையும் ஒருநாள் நேருக்கு நேர் சந்தித்தால், ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துகொள்ளுமா?

‘கங்குவா’ ஆயுத பூஜைக்கு வர வேண்டியது. ‘வேட்டைய’னுக்கு வழிவிட்டு 2024 நவம்பர் 14-க்கு வந்தது. வருவதற்கு முன்பே தயாரிப்பாளர் 2,000 கோடி என்று வாயால் வசூலித்துவிட்டார். படம் பார்த்தவர்கள் வெளியே வந்து காது வலிக்கிறது என்றார்கள். உடனே தயாரிப்பாளர் சங்கம் கூடித் தீவிரமாக யோசித்தது. சத்தத்தைக் குறைக்கவா? கதையில் கவனம் செலுத்தவா? அதெல்லாம் இல்லை, தியேட்டர் வளாகத்தில் மைக் பிடிக்கிற யூடியூபர்களை உள்ளே விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. படம் வெளியான முதல் மூன்று நாள் விமர்சனமே வரக்கூடாது என்று உயர் நீதிமன்றம் வரை போனார்கள். இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. மூன்று நாள் என்று ஏன் கேட்டார்கள் பாருங்கள். கெட்டுப்போன சாமானை விற்று முடிக்கிற வரை வாங்கினவன் வாந்தி எடுக்கக்கூடாது. அந்த மைக்காரர்களிலும் காசுக்குப் புகழ்கிறவனும் காசுக்குத் திட்டுகிறவனும் உண்டு, மறுக்கவில்லை. அவர்களுக்குக் காசு கொடுத்துப் பழக்கியது யார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் எழுந்து கேட்டதாகத் தெரியவில்லை.

2026 பொங்கலில் தேதிப் பித்து முற்றிய நிலையைப் பார்த்தோம். விஜய்யின் ‘ஜன நாயகன்’ ஜனவரி 9 என்று ஊர் முழுக்க அறிவித்தாயிற்று, முன்பதிவும் நடந்தது. தணிக்கைச் சான்றிதழ் மட்டும் கைக்கு வரவில்லை. வாரியம் இழுத்த இழுப்புக்கு அரசியல்தான் காரணம் என்று பாதி ஊர் சொன்னது. சான்றிதழ் இல்லாமல் எப்படித் தேதி சொன்னீர்கள் என்று மீதி ஊர் கேட்டது. இரண்டும் நியாயமான பேச்சுதான். நீதிமன்ற வாசலில் வழக்கு நிற்க, டிக்கெட் எடுத்தவன் பணம் திரும்ப வருமா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். லீவு போட்ட நாளை யார் திருப்பித் தருவார்?

பெரிய தலை இல்லாவிட்டால் பண்டிகையே இல்லை என்கிற கூப்பாட்டையும் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. 2025 தீபாவளிக்கு உச்ச நட்சத்திரம் எவரும் வரவில்லை. மாரி செல்வராஜின் ‘பைசன்’, பிரதீப் ரங்கநாதனின் ‘டியூட்’ எல்லாம் வந்தன. தியேட்டர் வாசலில் கூட்டம் நின்றது. வானம் இடிந்து விழவில்லை. அதே ஆண்டு மே தின விடுமுறைக்குச் சூர்யாவின் ‘ரெட்ரோ’ வந்த நாளில், இலங்கையிலிருந்து கள்ளத்தோணியில் வந்த ஒரு குடும்பத்தின் கதையோடு ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ சத்தமில்லாமல் வந்தது. ஜனங்கள் பக்கத்து வீட்டுக்காரனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். இதெல்லாம் கண்ணெதிரே நடந்தும், அடுத்த பண்டிகைக்கு நல்ல ஸ்கிரீன் யாருக்கு என்று பேச உட்காரும்போது, சின்னப் படக்காரனுக்குக் காலை பதினோரு மணிக் காட்சி ஒன்றைக் கொடுத்து, ‘மத்தியானம் பார்த்துக்கலாம்பா’ என்று அனுப்பிவிடுகிறார்கள்.

பொறுமையாக இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம் என்பது வேறு விஷயம். பொங்கலுக்கு வந்த படம் மாசி பிறக்கிறபோது செல்போனுக்கு வந்துவிடும். பட்டிமன்ற நடுவர் தீர்ப்புச் சொன்னது மறப்பதற்குள் சோபாவில் படுத்துக்கொண்டு, பிடிக்காத இடத்தை விரலால் தள்ளிவிட்டு, நாற்பது நிமிஷத்தில் முடித்துவிடலாம். அந்த நாற்பது நிமிஷத்தை மட்டும் எடுத்திருந்தால் தயாரிப்பாளருக்கும் எவ்வளவோ மிச்சம்.

போன பண்டிகை ரிலீஸன்று விடிகாலை, பால் வாங்கப் போகும்போது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். பசை வாளி, ஏணி, தோளில் இரண்டு கட்டு. ‘இன்று முதல்’ என்ற போஸ்டரை ஒட்டி, அதன் பக்கத்திலேயே ‘மாபெரும் வெற்றி! வெற்றிகரமான 2-வது நாள்!’ என்பதையும் நீவி ஒட்டினார். முதல் காட்சிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

“அண்ணே, படமே இன்னும் போடலையே?”

“ரெண்டு கட்டும் சென்னையிலேர்ந்து ஒண்ணாத்தான் தம்பி வந்துச்சு. அதுக்காக நாளைக்கு ஒருக்கா ஏணியத் தூக்கிட்டு வர முடியுமா?” என்றவர், பசை ஒழுகிய கையைச் சுவரில் துடைத்துக்கொண்டு கேட்டார்: “நூறாவது நாள் கட்டு ஒண்ணு வண்டியில கெடக்கு. உங்க வீட்டுச் சுவர் காலியா இருந்தா சொல்லுங்க.”